ஒரு சேலை வாங்கினால் உங்கள் விலாசம் எத்தனை பேர் கைக்குப் போகிறது?

கடைத்தெருவுக்குப் போக வேண்டாம். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே சேலை வாங்கலாம். செல்போனைத் தொட்டால் போதும். நூறு சேலைகள் வரிசையாக வந்து நிற்கும். பிடித்ததைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினால், நாலாம் நாள் வாசலில் பார்சல்!

பட்டணத்துக்காரர்களுக்கு மட்டும் உரிய வசதி அல்ல இது. சின்னஞ்சிறு ஊர்களிலும் இப்படித்தான் வியாபாரம் நடக்கிறது. வாங்குகிறவர்கள் மட்டுமா? விற்கிறவர்களும் சின்னவர்களே. கணவனும் மனைவியுமாக வீட்டின் முன் அறையில் இணையக் கடை நடத்துகிறார்கள். ஊறுகாய், முறுக்கு, சேலை, வளையல், பொம்மை எல்லாம் இப்படி விலை போகின்றன.

சேலைக்குப் பணம் கொடுக்கிறோம். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பணத்தோடு சேர்த்து இன்னொன்றையும் கொடுக்கிறோம். பெயர், வீட்டு விலாசம், செல்போன் எண், சில சமயம் பிறந்த தேதியும்கூட! பணம் போனால் கணக்கு உண்டு, பற்றுச்சீட்டு உண்டு. விவரம் போனால்? அதற்கு யார் கணக்கு வைக்கிறார்கள்?

அந்த விவரங்களைக் கடைக்காரர் எங்கே வைக்கிறார்? யார் யாருக்குக் கொடுக்கிறார்? எத்தனை நாள் வைத்திருக்கலாம்? சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இது.

அண்ணாச்சிக்குத் தெரியாததா?

"கடைக்காரருக்கு நம் விவரம் தெரிவதில் என்ன புதுமை? மளிகைக் கடை அண்ணாச்சிக்கு எல்லாம் தெரியுமே" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, யார் வீட்டில் மாசக் கடைசியில் கை இறுக்கம் என்பது அண்ணாச்சிக்குத் தெரியும். தையற்காரரின் நோட்டில் தெருவில் உள்ள அத்தனை பேருடைய அளவும் இருக்கும். அதனால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அண்ணாச்சியின் நோட்டு ஒன்றே ஒன்று. அது கல்லாப்பெட்டிக்குள் இருக்கும். அதைத் திருட வேண்டுமானால் ஒருவன் கடைக்குள் நுழைய வேண்டும். இணையக் கடையின் நோட்டு அப்படி அல்ல. கண் மூடித் திறப்பதற்குள் பத்தாயிரம் பேருடைய விவரத்தைப் பிரதி எடுத்துவிடலாம். அசல் நோட்டு இருந்த இடத்திலேயே இருக்கும். திருட்டுப் போனதே கடைக்காரருக்குத் தெரியாது!

இன்னொன்று. அண்ணாச்சி உங்களுக்குத் தெரிந்தவர். தப்பு நடந்தால் நேரில் போய்க் கேட்கலாம். இணையக் கடைக்காரரின் முகத்தை நீங்கள் பார்த்ததில்லை. அவர் யார் யாரிடம் வேலையை ஒப்படைத்திருக்கிறார் என்பதும் உங்களுக்குத் தெரியாது.

சொல்லாமலே போகும் சேதி

பெயரும் விலாசமும் நீங்களாகச் சொல்வது. நீங்கள் சொல்லாமலே போகும் விவரங்களும் உண்டு. ஒன்றுமே வாங்காமல் சும்மா பார்த்துவிட்டு வந்தாலும் அவை போய்விடும்.

இணையத்தில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு. அதற்கு 'ஐ.பி. விலாசம்' என்று பெயர். நீங்கள் கடையின் பக்கத்தைத் திறந்தவுடன், எந்த எண்ணிலிருந்து, எந்த நேரத்தில், எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று அங்கே பதிவாகிவிடும். இதில் சூது ஒன்றும் இல்லை. பக்கத்தைத் திருப்பி அனுப்புவதற்கு அந்த எண் வேண்டும். கடையைத் தாக்க வருகிறவர்களைக் கண்டுபிடிக்கவும் அந்தப் பதிவு உதவும்.

அடுத்தது 'குக்கி'. பிஸ்கோத்துக்கு அமெரிக்காவில் வழங்கும் பெயர் இது. ஆனால் இது தின்கிற பண்டம் அல்ல. 1994-ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் என்ற அமெரிக்க நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மாண்டுல்லி என்ற பொறியாளர் இதை உருவாக்கினார். இணையக் கடைக்கு வந்தவர் கூடையில் என்ன போட்டார் என்பதை நினைவில் வைக்க அன்று வழி இல்லாமல் இருந்தது. அதற்காகப் பிறந்ததுதான் குக்கி.

கோவில் வாசலில் செருப்பு விட்டால் ஒரு வில்லை தருவார்கள் அல்லவா? திரும்பி வந்து வில்லையைக் காட்டினால் உங்கள் செருப்பு வரும். குக்கி அந்த வில்லை போன்றது. கடை அதை உங்கள் செல்போனில் வைக்கும். மறுபடி நீங்கள் வரும்போது வில்லையைப் பார்த்து, "ஓ, சிவப்புச் சேலையைக் கூடையில் போட்டவர் இவர்" என்று புரிந்துகொள்ளும்.

இதுவரை நல்லதுதான். பிறகு விளம்பர நிறுவனங்கள் வந்தன. சேலைக் கடையிலும் அவர்கள் வில்லை. நகைக் கடையிலும் அதே வில்லை. மருந்துக் கடையிலும் அதே வில்லை! மூன்று இடத்துக்கும் போனவர் ஒருவரே என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். காலையில் ஒரு சேலையைப் பார்த்தீர்கள். மாலையில் செய்தி படிக்கும் இடத்திலும் அதே சேலை வந்து நிற்கிறது. மாயம் ஒன்றும் இல்லை. வில்லை செய்த வேலை அது!

ஒரு பார்சல், பல கைகள்

சேலம் பக்கத்தில் இளம்பிள்ளையில் ஒரு சின்ன இணையக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். தென்காசியில் இருக்கும் ஓர் அம்மாள் 900 ரூபாய்ச் சேலைக்கு ஆர்டர் கொடுக்கிறார். அந்த அம்மாளின் விலாசம் எங்கெல்லாம் போகிறது, பாருங்கள்.

முதலில், கடையின் பக்கத்தை வைத்திருக்கும் கம்ப்யூட்டர். அது கடைக்காரர் வீட்டில் இல்லை. வாடகைக்கு இடம் தரும் நிறுவனத்திடம் இருக்கிறது. இரண்டாவது, பணம் வாங்கித் தரும் நிறுவனம். மூன்றாவது, "உங்கள் ஆர்டர் கிடைத்தது" என்று செய்தி அனுப்பும் நிறுவனம். நான்காவது, பார்சல் கம்பெனி. ஐந்தாவது, கடையில் பார்சல் கட்டும் உதவியாளர். ஆறாவது, வீட்டுக்குக் கொண்டு வரும் பையன். விளம்பரம் செய்யும் கடையாக இருந்தால், ஏழாவதாக விளம்பர நிறுவனம்.

இவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு விவரம் உண்மையிலேயே தேவை. விலாசம் இல்லாமல் பார்சல் எப்படி வரும்? ஆனால் எல்லோருக்கும் எல்லாம் தேவை இல்லை. பார்சல் பையனுக்கு விலாசமும் போன் எண்ணும் போதும்; பிறந்த தேதி வேண்டாம். விளம்பர நிறுவனத்துக்கு வீட்டு நம்பர் எதற்கு? யாருக்கு எது தேவையோ அதை மட்டும் கொடுப்பவரே நல்ல கடைக்காரர்.

சின்னக் கடைகளில் விவரம் வெளியே போவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் அல்ல; கவனக்குறைவால்தான். ஆர்டர் விவரங்களை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். வேலையை விட்டுப் போன பையன் அதே குழுவில் இன்னும் இருக்கிறான்! "இன்று புறப்படும் பார்சல்கள்" என்று பெருமையாகப் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போடுகிறார்கள். படத்தைப் பெரிதாக்கினால் வாடிக்கையாளர்களின் பெயர், தெரு, போன் எண் எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. அவற்றில் பாதிக்கு மேல் பெண்களின் எண்ணாக இருக்கும். ராத்திரி வேளையில் முன்பின் தெரியாத ஆசாமிகளிடமிருந்து செய்தி வந்தால், "என் நம்பர் எப்படிப் போயிற்று?" என்று அந்தப் பெண்கள் திகைக்கிறார்கள்.

அட்டை எண்ணைக் கடை வைக்கலாமா?

கூடாது! வங்கி அட்டையின் எண்ணைக் கடைகள் சேர்த்து வைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. 2022 அக்டோபர் 1 முதல் இது அமலுக்கு வந்தது. அட்டை கொடுத்த வங்கியும், அட்டைப் பரிவர்த்தனையை நடத்தும் விசா, ரூபே போன்ற அமைப்புகளும் மட்டுமே முழு எண்ணை வைத்திருக்கலாம். கணக்குச் சரிபார்ப்பதற்காகக் கடைசி நாலு எண்களையும் வங்கியின் பெயரையும் கடை வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் சில கடைகளில் "உங்கள் அட்டையைச் சேமிக்கவா?" என்று கேட்கிறார்களே? அங்கே சேமிக்கப்படுவது உண்மையான எண் அல்ல. அதற்குப் பதிலாக ஒரு மாற்று எண். அதை 'டோக்கன்' என்பார்கள். ஒரு கடைக்குக் கொடுத்த டோக்கன் இன்னொரு கடையில் செல்லாது. திருடனுக்குக் கிடைத்தாலும் அவனுக்கு லாபம் இல்லை.

ஆகவே, "அட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள்" என்று எந்தக் கடையாவது கேட்டால், உடனே வெளியே வந்துவிடுங்கள்.

மிளகாய் விழுதும் பாஸ்வேர்டும்

பல கடைகளில் கணக்குத் தொடங்கச் சொல்வார்கள். பாஸ்வேர்டு ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சொல்லைக் கடை எப்படிப் பாதுகாக்க வேண்டும் தெரியுமா?

மிளகாயை அம்மியில் அரைத்தால் விழுது ஆகும். விழுதை மறுபடி மிளகாய் ஆக்க முடியாது. அதுபோல, பாஸ்வேர்டைக் கணித முறையில் 'அரைத்து', விழுதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறை நீங்கள் சொல்லும் சொல்லையும் அதே போல அரைத்து, இரண்டு விழுதும் ஒன்றுதானா என்று கம்ப்யூட்டர் ஒப்பிடும். ஒன்றாக இருந்தால் கதவு திறக்கும். அசல் சொல் யாருக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது.

அமெரிக்காவில் ராக்யூ என்ற நிறுவனம் இதைச் செய்யாமல், பாஸ்வேர்டுகளை அப்படியே எழுதி வைத்திருந்தது. 2009 டிசம்பரில் கம்ப்யூட்டர் திருடர்கள் புகுந்தார்கள். 3 கோடிக்கும் அதிகமான பாஸ்வேர்டுகள் பறிபோயின.

கடையைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள். புதிய பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளச் சொன்னால் நல்ல கடை. "உங்கள் பழைய பாஸ்வேர்டு இதுதான்" என்று திருப்பி அனுப்பினால், அதை அவர்கள் அரைக்கவில்லை என்று அர்த்தம். அந்தக் கடையில் கணக்கு வைக்காதீர்கள்.

விவரம் கசிந்தால் என்ன கெடுதல்?

"என் பெயரும் விலாசமும் தெரிந்தால் என்ன போயிற்று? என்னிடம் என்ன இருக்கிறது?" என்று பலர் நினைக்கிறார்கள். மோசக்காரர்களுக்கு இந்த நினைப்புத்தான் மூலதனம்.

தென்காசி அம்மாளுக்கு ஒரு போன் வருவதாக வைத்துக்கொள்வோம்.

"அம்மா, வணக்கம். போன வாரம் எங்கள் கடையில் பச்சைச் சேலை வாங்கினீர்களே, ஞாபகம் இருக்கிறதா?"

"ஆமாங்க. நீங்கள் யார்?"

"கடையிலிருந்துதான் பேசுகிறோம் அம்மா. உங்கள் ஆர்டர் எண்ணுக்குக் குலுக்கலில் கார் விழுந்திருக்கிறது! கார் வேண்டாம் என்றால் பணமாகவே தருகிறோம். வரி மட்டும் முன்னால் கட்ட வேண்டும். வெறும் 12 ஆயிரம் ரூபாய்தான்."

சேலையின் நிறத்தைச் சரியாகச் சொல்கிறார்கள். விலையைச் சொல்கிறார்கள். ஆர்டர் எண்ணைச் சொல்கிறார்கள். கடைக்காரரைத் தவிர வேறு யாருக்கு இது தெரியும்? அம்மாள் நம்பிவிடுகிறார். பணத்தைக் கட்டுகிறார். பிறகு "பதிவுக் கட்டணம்" என்கிறார்கள். அதன் பிறகு "பாங்கிக் கட்டணம்" என்கிறார்கள். கார் வருவதே இல்லை.

இது கற்பனை உரையாடல். ஆனால் மோசடி கற்பனை அல்ல. இணையத்தில் பொருள் வாங்கியவர்களின் விலாசத்துக்குச் சுரண்டல் அட்டையைத் தபாலில் அனுப்பி, "கார் பரிசு" என்று ஆசை காட்டிப் பணம் பறிப்பது இந்தியாவில் பல மாநிலங்களில் நடந்திருக்கிறது. மக்கள் ஏமாந்தது பேராசையால் என்று சொல்லிவிட முடியாது. தாம் வாங்கிய பொருளின் விவரத்தை எதிராளி சரியாகச் சொன்னதால் நம்பினார்கள். கசிந்த விவரம்தான் திருடனுக்குச் சாவி.

சின்னக் கடைதானே!

"நம்முடையது சின்னக் கடை. நம்மை யார் தேடி வரப் போகிறார்கள்?" என்று சில வியாபாரிகள் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

டார்கெட் என்பது அங்கே பிரசித்தமான பெரிய கடை. 2013-ஆம் ஆண்டு கடைசியில் அதன் கம்ப்யூட்டர்களில் திருடர்கள் புகுந்தார்கள். சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரம் போயிற்று. சுமார் 7 கோடிப் பேருடைய பெயர், விலாசம், போன் எண் போன்றவையும் போயின. திருடர்கள் எப்படி உள்ளே வந்தார்கள்? கடைக்குக் குளிர்சாதன வேலை பார்த்த ஒரு சின்ன நிறுவனத்தின் பாஸ்வேர்டைத் திருடி, அதன் மூலம் நுழைந்தார்கள்! கோட்டைக் கதவு இரும்புதான். பக்கத்துச் சாளரம் திறந்து கிடந்தது.

மூடிய கடையும் விற்ற பட்டியலும்

இன்னொரு கதை. இது முழுக்க முழுக்க ஓர் இணையக் கடையின் கதை. டாய்ஸ்மார்ட் என்பது அமெரிக்காவில் குழந்தைகளுக்குப் பொம்மை விற்ற கடை. "உங்கள் விவரத்தை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம்" என்று அது வாக்குக் கொடுத்திருந்தது. பெற்றோர் நம்பினார்கள். தங்கள் பெயரை மட்டுமல்ல, குழந்தைகளின் பெயர்களையும் பிறந்த நாட்களையும் கொடுத்தார்கள்.

2000-ஆம் ஆண்டு கடை நொடித்துப் போயிற்று. கடன்காரர்கள் சூழ்ந்தார்கள். விற்க என்ன மிச்சம்? மேஜை நாற்காலி இருந்தது, பொம்மை இருந்தது, கூடவே வாடிக்கையாளர் பட்டியலும் இருந்தது. அந்தப் பட்டியலையும் விற்கப் போவதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள்!

அமெரிக்க அரசின் வர்த்தகக் கமிஷன் விடவில்லை. "கொடுத்த வாக்கை மீறுவது மக்களை ஏமாற்றுவது" என்று 2000 ஜூலையில் வழக்குப் போட்டது. கடைசியில் என்ன ஆயிற்று? அந்தக் கடையில் பெரும்பங்கு வைத்திருந்த டிஸ்னி நிறுவனத்தின் கிளை, பட்டியலை அழிப்பதற்காக 50 ஆயிரம் டாலர் கொடுக்க முன்வந்தது. 2001-இல் பட்டியல் அழிக்கப்பட்டது.

கடை மூடினாலும் நோட்டு இருக்கும். அந்த நோட்டு யார் கைக்குப் போகும் என்ற கேள்வியை உலகத்துக்கே எழுப்பிய வழக்கு இது.

கதவைத் தட்டிய போலீசும் ஒரு கிழவரின் வழக்கும்

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? அதற்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு.

உத்தரப் பிரதேசத்தில் காரக் சிங் என்பவரை ஒரு கொள்ளை வழக்கில் போலீசார் பிடித்தார்கள். சாட்சியம் இல்லாததால் விட்டுவிட்டார்கள். ஆனால் அதன் பிறகும் ராத்திரி வேளையில் வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். ராத்திரியில் வீட்டுக்கு வருவது செல்லாது என்று 1962-இல் தீர்ப்பாயிற்று. ஆனால் அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் தந்த உரிமை அல்ல என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2012-இல், இன்னொருவர் கோர்ட்டுப் படி ஏறினார். அவர் பெயர் கே. எஸ். புட்டசாமி. கர்நாடக ஐகோர்ட்டில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போது அவருக்கு வயது 86! ஆதார் திட்டத்தை எதிர்த்து அவர் வழக்குப் போட்டார். "அந்தரங்கம் குடிமக்களின் உரிமையா, இல்லையா?" என்ற கேள்வி எழுந்தது. ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து விசாரித்தார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது பேரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள்: அந்தரங்கம் அடிப்படை உரிமைதான்! புட்டசாமி 2024-இல் தமது 98-ஆம் வயதில் காலமானார். அவர் பெயரால் அமைந்த தீர்ப்பு நிலைத்து நிற்கிறது.

அந்தத் தீர்ப்பின் வழியில் 2023 ஆகஸ்டில் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் என்று அதற்குப் பெயர். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்கள் தங்களைத் தயார் செய்துகொள்ள, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. அது 2027 மே மாதத்தோடு முடியும்.

சட்டம் சொல்வது என்ன?

சாராம்சம் இதுதான். எந்த விவரம், எதற்காக வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி செய்ய வேண்டும். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுவது, கொடுத்தது போலவே சுலபமாக இருக்க வேண்டும். காரியம் முடிந்தபின் விவரத்தை அழிக்க வேண்டும். தப்பான விவரத்தைத் திருத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

விவரம் கசிந்தால் மூடி மறைக்கக் கூடாது. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும், அரசு அமைக்கும் வாரியத்துக்கும் சொல்ல வேண்டும். விவரத்தைச் சரியாகப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சின்னக் கடைக்கும் அத்தனை கோடியா என்று பயப்பட வேண்டாம். அது உச்ச வரம்புதான். தப்பின் தன்மையைப் பார்த்தே வாரியம் தொகையைத் தீர்மானிக்கும்.

அழிப்பதில் ஒரு விஷயம் உண்டு. "என் விவரம் எல்லாவற்றையும் உடனே அழித்துவிடுங்கள்" என்று நீங்கள் கேட்டாலும், விற்பனைப் பில்லைக் கடை அழிக்க முடியாமல் இருக்கலாம். ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற கடை கணக்குகளை ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது வரிச் சட்டம். அந்த ஆறு ஆண்டும் வருஷாந்தரக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து எண்ணப்படும். ஆனால் பில்லை வைத்திருப்பதற்கும், அதில் உள்ள எண்ணுக்குத் தினம் ஒரு விளம்பரம் அனுப்புவதற்கும் சம்பந்தம் இல்லை.

நல்ல கடைக்காரர் செய்வது

இதற்கெல்லாம் லட்சக்கணக்கில் செலவாகுமா? ஆகாது. சின்னக் கடைக்காரர் செய்யக் கூடியவை இவை.

தேவை இல்லாத விவரத்தைக் கேட்காமல் இருப்பது முதல் காரியம். இல்லாத பொருளை யாரும் திருட முடியாது! சேலை விற்பவருக்கு வாங்குபவரின் வயது எதற்கு? ஆர்டர் பட்டியலைப் பார்க்கும் அனுமதி யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும் தர வேண்டும். ஆள் வேலையை விட்டுப் போன அன்றே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். பார்சல் படம் போடும்போது விலாசத்தை மறைக்க வேண்டும். கடையின் பக்கத்தில் 'தனியுரிமைக் கொள்கை' என்ற பகுதியில், எந்த விவரத்தை எதற்காக வாங்குகிறோம் என்பதை எளிய தமிழில் எழுதி வைக்க வேண்டும். வேறு கடையிலிருந்து பிரதி எடுத்து ஒட்டினால் போதாது. எழுதியபடி நடக்கவும் வேண்டும். டாய்ஸ்மார்ட் சிக்கிக்கொண்டது அங்கேதானே?

"உங்கள் எண்ணை அழித்துவிட்டோம் அக்கா. பில் மட்டும் கணக்குக்காக இருக்கும். இனி விளம்பரம் வராது" என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அந்த வாடிக்கையாளர் மறுபடியும் அவரிடம்தான் வாங்குவார். நாணயம் என்பது பணத்தில் மட்டும் இல்லை.

வீட்டில் உள்ளவர்கள் கவனத்துக்கு

1. நட்சத்திரக் குறி போடாத கட்டங்களை நிரப்ப வேண்டாம். அவை பெரும்பாலும் கட்டாயம் அல்ல.

2. "விளம்பரம் அனுப்பச் சம்மதம்" என்ற கட்டத்தில் முன்கூட்டியே குறி போட்டிருந்தால், அதை எடுத்துவிடுங்கள்.

3. 'குக்கிகளை ஏற்கிறீர்களா?' என்று கேட்டால், தேவையானவற்றை மட்டும் ஏற்கும் வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

4. விலாசத்தின் தொடக்கத்தில் 'எச்.டி.டி.பி.எஸ்.' இருந்தால், வழியில் யாரும் விவரத்தைப் படிக்க முடியாது என்று பொருள். கடைக்காரர் யோக்கியர் என்று அதற்குப் பொருள் இல்லை. மோசக்காரனும் அதை வைத்துக்கொள்ளலாம்.

5. பார்சல் உறையை அப்படியே குப்பையில் போடாதீர்கள். விலாசம் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டுப் போடுங்கள்.

6. கடைக்கு ஒரு பாஸ்வேர்டு, பாங்கிக்கு வேறு பாஸ்வேர்டு. இரண்டுக்கும் ஒரே சாவி வேண்டாம்.

7. பணம் வாங்குவதற்கு யூ.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை. "பரிசுப் பணம் வர ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்றால் மோசடி என்று அறிக.

8. கடையில் நேரில் வாங்கும்போதும் போன் எண் கட்டாயம் அல்ல. எண் கொடுக்காவிட்டால் பில் தர மாட்டோம் என்று வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதம் அறிவித்தது.

பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு. கடையின் மீது குறை இருந்தால், முதலில் கடையின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின் வணிக விதிகளின்படி, புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் அவர் பதில் சொல்ல வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

இணையக் கடைகளை ஒதுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவற்றால் எத்தனையோ நெசவாளர் வீடுகளில் அடுப்பு எரிகிறது. எத்தனையோ பெண்கள் சொந்தக் காலில் நிற்கிறார்கள். ஆனால் சேலை வாங்கும்போது சாயம் போகுமா, சரிகை உண்மையா என்று பார்க்கிறவர்கள், கேட்கப்படும் விவரத்தையும் ஒரு முறை பார்க்க வேண்டும். "இது எதற்கு?" என்று கேளுங்கள். நேர்மையான கடைக்காரர் தயங்காமல் பதில் சொல்வார்.